டெக்சாஸில் படிப்பு, கலிபோர்னியாவில் வேலை: மாநில வரி என் அனுபவம்

கோடைகால இன்டர்ன்ஷிப் கலிபோர்னியாவில். செப்டம்பரில் ஆஸ்டின் திரும்பி, சிபிடி (வெளிநாட்டு மாணவர்கள் படிக்கும்போதே படிப்பு சார்ந்த வேலை பார்க்கத் தரும்) அனுமதியோடு அதே வேலையை அங்கிருந்தே பகுதி நேரமாகத் தொடர்ந்தேன். ஜனவரியில் வந்த டபிள்யூ-2 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பள, வரிப் பிடித்த விவரம்) படிவத்தில், மாநிலச் சம்பளத்தைக் காட்டும் 16ஆம் பெட்டியில் மொத்தச் சம்பளமும் கலிபோர்னியா கணக்கில்! டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது; வயிறு எரியாதா?

வெளிமாநிலத்தவருக்கு, கலிபோர்னியாவில் உட்கார்ந்து வேலை பார்த்த நாட்களின் சம்பளத்துக்கு மட்டும்தான் அங்கே வரி. சம்பளச் சீட்டுகளையும் ஆஸ்டின் வாடகை ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் பேரோல் (சம்பளப்) பிரிவுக்கு அனுப்பித் திருத்திய டபிள்யூ-2சி வாங்கினேன். அப்புறம் 540என்ஆர், அதாவது வெளிமாநிலத்தவர் கலிபோர்னியாவுக்குப் போடும் வரிப் படிவம், போட்டேன். மத்திய அரசுக்கு 1040-என்ஆர் (வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிக்காதவராகக் கருதப்படும் வெளிநாட்டவருக்கான படிவம்) போடுவதால் மாநிலத்துக்கும் தானாக வெளியாள் ஆகிவிட மாட்டோம். அது தனி விதி. தற்காலிகமாகப் போய்வந்ததால் நான் வெளிமாநிலத்தவர். வரி விகிதத்துக்கு மட்டும் முழு ஆண்டு வருமானத்தையும் பார்க்கிறார்கள். கூடுதலாகப் பிடித்த பணம் ரீஃபண்டாக வந்தது.