ஹீலியம்: மண்டபம் முதல் ஸ்கேன் அறை வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் ஒரு மண்டபத்துக்குப் பலூன் அலங்காரம் வந்து இறங்கினால் எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள், எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் வால்வின் மரையை. ஹைட்ரஜன் போன்ற எரியும் வாயுக்களுக்கு இடது மரை. நட்டை வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். நட்டின் முனைகளில் சிறு வெட்டும் இருக்கும். ஹீலியத்துக்கு வலது மரை. சிலிண்டரின் பெயின்ட்டை மட்டும் நம்பி ‘இது ஹீலியம்தான்’ என்று முடிவு செய்வதுதான் உயிரை வாங்கும் தவறு. பெயின்ட்டை யாரும் அடித்துவிடலாம். மரையை மாற்ற நடுவே அடாப்டர் போட்டிருந்தால் அந்தச் சிலிண்டரை மண்டபத்துக்குள் ஏற்றவே வேண்டாம். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் வேலையும் கூடாது.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் விற்கும் பலூன்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. காஸ்டிக் சோடாக் கரைசலில் அலுமினியத் துண்டுகளைப் போட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். பழைய இரும்பு உருளையில் இதைச் செய்யும்போது கரைசல் சூடேறும், சூடேறச் சூடேற வினை இன்னும் வேகமெடுக்கும், அழுத்தத்தைக் காட்ட கேஜ் இருக்காது, மிஞ்சியதை வெளியேற்ற வால்வும் இருக்காது. உருளை வெடிப்பது அதனால்தான். நிரப்பிய பலூனும் ஆபத்து. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். கற்பூரத் தட்டு, பீடி நெருப்பு, சீரியல் பல்பின் தளர்ந்த இணைப்பு, எது பட்டாலும் போதும். ‘ஹைட்ரஜன்தான் நன்றாகத் தூக்கும்’ என்று விற்பவர் சொன்னால் கணக்கைப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் 1 லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய 1 கிராம் தூக்கும். ஹைட்ரஜன் அதைவிட 8 சதவீதம்தான் கூடுதல். அந்த 8 சதவீதத்துக்காகக் குழந்தையின் கையில் நெருப்பைக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது கணக்குத் தவறுகள். வீட்டு கேஸ் சிலிண்டரைப் போல ஹீலியம் சிலிண்டரையும் தூக்கிப் பார்த்து மிச்சத்தை மதிப்பிடுகிறார்கள். சமையல் எரிவாயு உள்ளே திரவமாக இருக்கிறது, அதனால் எடை தெரியும். ஹீலியம் வெறும் அழுத்தப்பட்ட வாயு. 47 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 7 கன மீட்டர் இருக்கும். அத்தனையும் சேர்ந்து 1.2 கிலோகூடத் தேறாது. ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. கேஜைத்தான் பார்க்க வேண்டும்: 75 காட்டினால் பாதி. 28 செ.மீ. பலூன் ஒன்றுக்கு 11.5 லிட்டர் பிடிக்கும். 7,000 லிட்டரை வகுத்தால் 600 பலூன். நாசிலில் கசிவது, நிரப்பும்போது வெடிப்பது, சிலிண்டரில் மிச்சம் விடுவது எல்லாம் போக 500 என்று வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் கையைப் பிசைய வேண்டாம். சிலிண்டரை முழுக்கக் காலி செய்யவும் வேண்டாம். 2, 3 பார் மிச்சமிருக்கும்போதே வால்வை மூடிவிடுங்கள். இல்லையென்றால் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும்.

காலை 6 மணி முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலையிலேயே ஊதி வைத்தால் விடியும்போது பாதிப் பலூன் தொங்கும். ஹீலியம் அணு சிறியது, ரப்பர் சவ்வின் வழியே நழுவிப் போய்விடும். சாதாரண ரப்பர் பலூன் அரை நாள் தாங்கும், மிஞ்சினால் ஒரு நாள். உள்ளே பசைக் கரைசல் பூசினால் இன்னும் சில நாள் கூடும். மதுரை வெயிலும் தன் பங்குக்குக் கெடுக்கும். 24 டிகிரி ஏசி ஹாலில் இறுக்கமாக ஊதிய பலூனை, பூட்டி வெயிலில் நிறுத்திய 60 டிகிரி காருக்குள் வைத்தால் உள்ளிருக்கும் வாயு 12 சதவீதம் விரியும். இறுக்கமாக ஊதாமல் விட்டம் 28 செ.மீ. என்றால் 25 செ.மீ. அளவோடு நிறுத்துங்கள். மினுங்கும் ஃபாயில் பலூனைத் தெருவில் பறக்கவிடாதீர்கள். அது மின்சாரம் கடத்தும், கம்பிகளுக்கு நடுவே சிக்கினால் ஷார்ட் ஆகும்.

குரல் கீச்சிட ஹீலியத்தை உறிஞ்சுவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே பெரியவர்கள்தான். ‘விஷமில்லையே’ என்ற சமாதானம் இங்கே பொருந்தாது. சுத்த ஹீலியத்தை ஓரிரு மூச்சு இழுத்தாலே நுரையீரலின் ஆக்சிஜன் கழுவிப் போய்விடும். கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் மூச்சு முட்டும் உணர்வே வராது. எச்சரிக்கை இல்லாமல் மயங்கி விழுவார்கள். சிலிண்டர் நாசிலில் வாய் வைத்தால் அழுத்தம் நுரையீரலைக் கிழித்து, வாயுக் குமிழியை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். குரல் மாறுவதற்கான காரணத்தையும் தவறாகவே சொல்கிறார்கள். குரல்நாண் வேகமாக அதிர்வதில்லை. ஹீலியத்தில் ஒலி காற்றில் போவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் போவதால், தொண்டைக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள அறையின் ஒத்ததிர்வுகள் மேலே ஏறுகின்றன.

ஸ்கேன் சென்டர்களில் தவறின் அளவே வேறு. 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தங்கள் பலவற்றில் 1,500 லிட்டர் அளவுக்குத் திரவ ஹீலியம் இருக்கும். மைனஸ் 269 டிகிரியில் நயோபியம்–டைட்டானியம் கம்பிச் சுருளை மீகடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவதாக, வைத்திருப்பது அதுதான். ஜெனரேட்டரைக் கம்ப்யூட்டருக்கும் விளக்குக்கும் கொடுத்துவிட்டு, குளிரூட்டும் கருவிக்குக் குளிர்நீர் அனுப்பும் ‘சில்லர்’ இயந்திரத்தை விட்டுவிடுவது ஒரு தவறு. இரவில் ஸ்கேன் இல்லை என்று சில்லரை நிறுத்துவது அதைவிடப் பெரியது. சில்லர் நின்றால் கம்ப்ரஸர் நிற்கும், குளிரூட்டும் தலை நிற்கும், ஹீலியம் கொதித்துப் போகத் தொடங்கும். ‘ஸ்கேன் ஓடவில்லை, அதனால் காந்தமும் இல்லை’ என்று நினைத்து இரும்பு ஸ்டூலையோ ஆக்சிஜன் சிலிண்டரையோ உள்ளே கொண்டுபோகிறவர்களும் உண்டு. காந்தம் இரவும் பகலும் இருக்கும்.

சுருள் திடீரெனச் சூடேறி மீகடத்தல் போய்விட்டால் அதற்குக் க்வென்ச் என்று பெயர். 1 லிட்டர் திரவம் சுமார் 750 லிட்டர் வாயுவாகும். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையை நிரப்ப 120 லிட்டர் திரவமே போதும். இதை வெளியேற்றும் குழாய் மொட்டை மாடியில் முடிகிறது. அங்கே புறா கூடு கட்டினாலோ, மழைத்தண்ணீர் தேங்கினாலோ, பக்கத்தில் புதுச்சுவர் எழுப்பி வாயை அடைத்தாலோ அத்தனையும் அறைக்குள் திரும்பும். மாதம் ஒரு முறை யாராவது மாடி ஏறிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவுமானியைத் தரையோரம் மாட்டுவது சமையல் எரிவாயுப் பழக்கத்தில் வரும் தவறு. அந்த வாயு கீழே தங்கும், ஹீலியம் கூரைக்கு ஏறும். மானி உயரத்தில் இருக்கட்டும். அலாரம் அடித்தால் குனிந்தபடி நோயாளியோடு வெளியேறுங்கள். கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால் உள்ளே ஏறும் அழுத்தத்தில் இழுத்துத் திறக்கவே முடியாமல் போகலாம்.

ஐசோடோப்புக்கு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளுக்கு, வந்தால் பாடம் நடத்துகிறவர்களே சறுக்கும் இடங்கள் உண்டு. ஹீலியம்-3 கதிரியக்கமுள்ளது என்று சொல்கிறார்கள். இல்லை, ஹீலியம்-4 போல அதுவும் நிலையானது. கதிரியக்கமுள்ளது 12.3 ஆண்டு அரைவாழ்வுள்ள டிரிடியம் என்ற கனமான ஹைட்ரஜன். அது சிதைந்துதான் நமக்கு ஹீலியம்-3 கிடைக்கிறது. இந்த இரண்டு ஹீலியத்தில் ஒன்றின் எண்ணை மற்றதற்குப் போட்டுக் கணக்கு செய்வதும் நடக்கிறது. கொதிநிலை ஹீலியம்-4க்கு 4.2 கெல்வின், ஹீலியம்-3க்கு 3.2. ஹீலியம்-4 மீப்பாய்மமாக (உராய்வே இல்லாமல் ஓடும் திரவமாக) மாறுவது 2.17 கெல்வினில். ஹீலியம்-3 அதற்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வெப்பநிலைக்கு இறங்க வேண்டும். 1972இல்தான் அதைக் கண்டார்கள். அதன் அணுக்கள் ஃபெர்மியான்கள் (ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றுசேர முடியாத வகைத் துகள்கள்) என்பதால் முதலில் ஜோடி சேர வேண்டியிருக்கிறது.

நியூட்ரான் உணரிக் குழாயில் ஹீலியம்-3க்குப் பதில் ஹீலியம்-4 போட்டால் எதுவும் பதிவாகாது. ஹீலியம்-3 மெதுவான நியூட்ரானை விழுங்கி, புரோட்டானும் டிரிடியம் கருவுமாகப் பிரிந்து, 764 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை விடுகிறது. குழாயைச் சுற்றி, நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பாலிதீன் வைக்க மறந்தால் வேக நியூட்ரான்கள் பெரும்பாலும் பிடிபடாமல் கடந்துவிடும். நிலவிலிருந்து ஹீலியம்-3 அள்ளி வந்து அணுக்கருப் பிணைவால் மின்சாரம் எடுக்கலாம் என்ற பேச்சையும் அளந்து கேளுங்கள். நிலவு மண்ணில் அது நூறு கோடியில் 10 பங்கு இருப்பதாக வைத்தால் 1 கிலோவுக்கு 1 லட்சம் டன் மண்ணைச் சலிக்க வேண்டும்.

ஆக்சிஜனைப் போல ஹீலியத்தையும் காற்றிலிருந்து பிரித்துக்கொள்ளலாம் என்பதும் தவறு. காற்றில் அது பத்து லட்சத்தில் 5 பங்குதான். மேலூர் கிரானைட்டுக்குள்ளும் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு சிதைந்து ஆல்பா துகள்களை விட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ஆல்பா துகளும் ஒரு ஹீலியம்-4 கரு. அப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து, இயற்கை எரிவாயு தேங்கிய பாறை அடுக்குகளில் சிக்கியதைத்தான் எடுக்கிறோம். இந்தியா தன் தேவைக்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் நிறமாலையைப் பார்க்கும் மாணவருக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் கோடு தெரிந்தவுடன் ஹீலியம் என்று எழுதிவிடாதீர்கள். சோடியத்தின் கோடுகள் இரண்டு: 589.0, 589.6 நானோமீட்டர். ஹீலியத்தினுடையது 587.6. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தில் சூரியனின் இந்த மஞ்சள் கோட்டைக் குண்டூரிலிருந்தும் மசூலிப்பட்டினத்திலிருந்தும் பார்த்தவர்களுக்கும் இந்த நெருக்கம்தான் சிக்கலாக இருந்தது. முதலில் சோடியம் விளக்கை வைத்து அளவுகோலைச் சரிபார்த்துவிட்டு, பிறகு ஹீலியம் குழாயை மாட்டுங்கள்.