கொழும்பில் கப்பல் மாறும் சரக்குக்குச் சலுகை வரி வாங்குவது எப்படி

மண்டபம் கம்பெனியில் உறைய வைத்த கணவாய், தூத்துக்குடியில் ஏறினால் பெரும்பாலும் நேராகத் தாய்லாந்து போய் இறங்குவதில்லை. ஃபீடர் என்னும் சிறு கப்பலில் கொழும்பு போகும். அங்கே யார்டில் இறங்கி, மதர் வெசல் என்னும் பெரிய கப்பல் வந்ததும் அதில் ஏறிப் போகும். வர்த்தக ஒப்பந்தத்தால் கிடைக்கும் சலுகை வரியை நம் ஊர்ச் சரக்கு இழப்பது பல நேரம் இந்த இடத்தில்தான். சி.ஓ., அதாவது சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்லும் சான்று, ஒழுங்காக இருக்கும், பையர் கையில் ஒரிஜினலும் இருக்கும். இருந்தும் அந்த ஊர்ச் சுங்கம் முழு வரி கட்டச் சொல்லும்.

சரக்கு இந்தியாவில் விளைந்தது என்பதை மட்டும்தான் சி.ஓ. சொல்கிறது. வழியில் யாரும் அதைத் தொடவில்லை என்று காட்ட வேறு காகிதங்கள் வேண்டும். கன்டெய்னர் தூத்துக்குடி கேட்டைத் தாண்டும் முன்பே அவற்றுக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். இந்தக் கரையில் ஏற்றுமதிக் காகிதம் பார்ப்பவள் என்ற முறையில், புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பையரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சரக்குக்கு உங்கள் ஊரில் சாதாரண வரி எவ்வளவு?" அது ஏற்கெனவே சைபர் என்றால் சலுகைச் சான்றுக்கு அலைய வேண்டியதே இல்லை. வரி இருக்கிறது என்றால் எந்த ஒப்பந்தத்தில் கேட்கப்போகிறோம் என்பதைப் பிடியுங்கள். தாய்லாந்து, வியட்நாம், மலேசியா என்றால் இந்தியா–ஆசியான் ஒப்பந்தம், சான்றுக்குப் பெயர் 'ஃபார்ம் ஏ.ஐ.'. கொரியாவோடு 2010 முதல் தனி ஒப்பந்தம் இருக்கிறது, ஜப்பானோடு 2011 ஆகஸ்ட் முதல், அமீரகத்தோடு 2022 மே முதல். ஒன்றின் படிவம் இன்னொன்றுக்குச் செல்லாது.

சேம்பர் ஆஃப் காமர்ஸ் கொடுக்கும் சி.ஓ. சாதாரணச் சான்று. அதை வைத்துச் சலுகை கேட்க முடியாது. சலுகைச் சான்றை எந்தெந்த முகமை கொடுக்கலாம் என்ற பட்டியல் டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) நடைமுறைக் கையேட்டின் இணைப்பு 2பி-யில் இருக்கிறது. ஏற்றுமதி ஆய்வு முகமை அதில் முக்கியமானது. விண்ணப்பம் முழுக்க ஆன்லைன்தான்.

அடுத்து வழியைப் பாருங்கள். ஆசியான் ஒப்பந்தத்தில் சிங்கப்பூரும் மலேசியாவும் உறுப்பு நாடுகள். அதனால் சரக்கு சிங்கப்பூரிலோ கிள்ளானிலோ கப்பல் மாறினால் அது ஒப்பந்த நாட்டுக்குள்ளேயே நடக்கிறது. இலங்கை உறுப்பு நாடு இல்லை. கேள்வி வருவது கொழும்பைப் பற்றித்தான். அதே சரக்கு ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ போகிறது என்றால் கொழும்பும் சிங்கப்பூரும் இரண்டுமே வெளி நாடுகள், இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். புக்கிங் போடும்போதே லைன்காரரிடம் (கப்பல் கம்பெனியிடம்) எந்தெந்தத் துறைமுகத்தில் கப்பல் மாறும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வல்லார்பாடத்திலோ, 2025 மே மாதம் திறந்த விழிஞ்ஞத்திலோ கப்பல் மாறினால் அந்தக் கைமாற்றம் இந்தியாவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வாடகை ஒத்துவந்தால் அந்த வழியைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை.

கொழும்பு வழி போகக் கூடாது என்று ஆசியான் விதி சொல்லவில்லை. மூன்று நிபந்தனை வைக்கிறது. அந்த நாட்டு வழியாகப் போனது பூகோள காரணத்தாலோ போக்குவரத்துத் தேவையாலோ மட்டும் இருக்க வேண்டும். சரக்கு அங்கே வியாபாரத்துக்கோ நுகர்வுக்கோ போயிருக்கக் கூடாது. இறக்குவது, ஏற்றுவது, கெடாமல் காப்பது தவிர வேறு எதுவும் நடந்திருக்கக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு காகிதமும் இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில்.

கணவாய் இந்தியாவில் முழுக்கக் கிடைத்த சரக்கு என்று எழுதுவது சுலபம். பின்னாளில் அந்த நாடு விசாரணை அனுப்பினால் காட்டுவதற்கு ஆதாரம் வேண்டும். கரையில் வாங்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் தேதி, எடை, வியாபாரி, படகு எண் நான்கும் கொள்முதல் நோட்டில் ஏறியிருக்க வேண்டும். ராமேஸ்வரம் விசைப்படகு என்றால் பக்கத்தில் 'ஐ.என்.டி. டி.என். 10' என்று தொடங்கும் எண் இருக்கும். அதை அப்படியே முழுதாக எழுதுங்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் போதாது. 12 கடல் மைலுக்கு அப்பால் பிடித்த மீன் எந்த நாட்டுச் சரக்கு என்று முடிவு செய்யும்போது படகின் பதிவையும் பார்ப்பார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். மே மாதத் தேதியில் விசைப்படகு எண் போட்ட கொள்முதல் சீட்டு இருந்தால், விசாரிக்கும் அதிகாரி மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். அந்த மாதங்களில் வடகடலிலும் (பாக் விரிகுடா) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) நாட்டுப்படகுக்காரர் கொண்டுவந்ததை வாங்கினோமா, ஏப்ரலுக்கு முன் உறைய வைத்த சரக்கை ஏற்றுகிறோமா என்பது ஸ்டாக் ரெஜிஸ்டரில் தெளிவாகத் தெரிய வேண்டும். குஜராத்தில் இருந்து வாங்கிக் கலந்தாலும் அது இந்தியச் சரக்குதான். வெளிநாட்டில் இருந்து இறக்கிய கணவாயை வெட்டிக் கழுவி இதோடு சேர்த்தால் 'முழுக்கக் கிடைத்தது' என்ற கட்டத்தில் எழுதவே கூடாது.

எச்.எஸ். எண்ணையும், அதாவது சுங்கம் சரக்கை வகைப்படுத்தும் எண்ணையும், இங்கேயே முடிவு செய்யுங்கள். உறைய வைத்த ஊசிக் கணவாயும் ஓட்டுக் கணவாயும் 0307.43. மசாலா தடவியோ வேக வைத்தோ பேக் செய்தால் 1605-க்குப் போய்விடும். பையர் தன் நாட்டில் எந்த ஆறு இலக்கத்தில் பில் போடப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்டு ஒத்துப்போகச் செய்யுங்கள். ஷிப்பிங் பில்லில் (நம் சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி விண்ணப்பம்) ஒப்பந்தத்தின் விவரம் கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். சரக்கு உருவான மாவட்டம் என்ற இடத்தில், துறைமுகம் அங்கே இருக்கிறது என்பதற்காகத் தூத்துக்குடி என்று போடும் பழக்கம் சில ஏஜென்ட் ஆபீஸ்களில் உண்டு. மண்டபம் சரக்குக்கு ராமநாதபுரம் என்று வர வேண்டும். ஷிப்பிங் பில்லின் முன்வரைவான செக்லிஸ்ட் வரும்போதே பார்த்துத் திருத்துங்கள்.

இனி பி.எல்., அதாவது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் ரசீது. இதற்கு நேரம் கொடுங்கள்.

ஆசியான் விதி கேட்பது, ஏற்றுமதி நாட்டில் கொடுக்கப்பட்ட த்ரூ பி.எல். தூத்துக்குடியில் ஏறியதில் இருந்து தாய்லாந்தின் லேம் சாபாங் துறைமுகத்தில் இறங்குவது வரை முழு வழிக்கும் ஒரே பி.எல். இருக்க வேண்டும். ஏற்றும் துறைமுகம் தூத்துக்குடி, இறக்கும் துறைமுகம் லேம் சாபாங், கொழும்பு வெறும் கப்பல் மாறும் இடம். கொழும்பு வரை ஒரு பி.எல்., அங்கிருந்து இன்னொன்று என்று இரண்டாக வந்தால், நடுவில் சரக்கு யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு வழி விட்டாயிற்று. நடுவில் இருக்கும் வியாபாரி கொழும்பில் பி.எல்.லை மாற்றி, ஷிப்பர் (சரக்கு அனுப்புபவர்) இடத்தில் தன் பெயரைப் போடச் சொல்வார். சப்ளையர் யார் என்று பையருக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கவலை. சலுகை வேண்டும் என்றால் இதற்குச் சம்மதிக்காதீர்கள். சிங்கப்பூர்க்காரர் இன்வாய்ஸ் போட்டு, சரக்கு நேரே தாய்லாந்து போவது வேறு விஷயம். அதற்கு ஃபார்ம் ஏ.ஐ.யில் மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்ற கட்டமே இருக்கிறது, அதை டிக் செய்து, இன்வாய்ஸ் போடும் கம்பெனியின் பெயரையும் நாட்டையும் எழுதுங்கள்.

டிராஃப்ட் பி.எல். மெயிலில் வந்ததும் பக்கத்தில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சி.ஓ. விண்ணப்பம், ஷிப்பிங் பில் நான்கையும் விரித்து வையுங்கள். கன்டெய்னர் எண், லைன் சீல் எண், அட்டைப்பெட்டி எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, சரக்கின் பெயர். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். இன்வாய்ஸில் 'ஓட்டுக் கணவாய் முழுசு', பி.எல்.லில் வெறும் 'உறைந்த கடலுணவு' என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சீல் எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும், கொழும்பில் பெட்டி திறக்கப்பட்டதாகத்தான் அந்த ஊர் அதிகாரிக்குத் தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருப்பது காகிதம் மட்டும்தான்.

சி.ஓ.வை கப்பல் ஏறும் சமயத்தில் அல்லது ஏறிய நாளில் இருந்து 3 வேலை நாளுக்குள் வாங்க வேண்டும். இந்த மூன்று நாளில்தான் ஃபீடர் மாறிய செய்தி வரும். "அக்கா, பெட்டி ரோல் ஆயிருச்சு, அடுத்த ஃபீடர்லதான் ஏறும்" என்று ஏஜென்ட் ஆபீஸ் தம்பி போன் செய்வான். அப்போது சி.ஓ. ஏற்கெனவே பழைய கப்பல் பெயரில் வாங்கியிருந்தால் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதனால்தான் ஆன்லைனில் எல்லாம் நிரப்பி வைத்துவிட்டு, பெட்டி கப்பலில் ஏறிய உறுதி வந்த பிறகு சமர்ப்பிக்கச் சொல்கிறேன். நாள் தாண்டிவிட்டால் பின்தேதியில் கொடுக்கப்பட்டது என்ற முத்திரையோடு, கப்பல் ஏறிய 12 மாதத்துக்குள் வாங்கலாம். அதுவும் செல்லும் சான்றுதான், ஆனால் பையர் அதற்குள் வரி கட்டிச் சரக்கை எடுத்திருப்பார். திரும்ப வாங்குவது அவர் பாடு, அடுத்த ஆர்டரில் அது நம் விலையில் வந்து விடியும்.

கொழும்பில் ஏதாவது நடந்தால்? ரீஃபர் என்னும் குளிர்பதனப் பெட்டியில் அதிகம் நடப்பது மெஷின் கோளாறு. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டியில் வெப்பநிலை ஏறத் தொடங்கினால், லைன்காரர் சரக்கை வேறு ரீஃபருக்கு மாற்றுவார். இது கெடாமல் காக்கும் வேலை, விதி அனுமதிக்கிறது. ஆனால் பெட்டி எண்ணும் சீல் எண்ணும் மாறிவிட்டன. அன்றைக்கே மூன்று காகிதம் கேளுங்கள்: பழைய எண், புதிய எண், மாற்றிய நாள், காரணம் நான்கும் போட்ட லைனின் கடிதம்; பழைய பெட்டியின் வெப்பநிலைப் பதிவு; சுங்கக் கண்காணிப்பில்தான் மாற்றினார்கள், வேறெதுவும் நடக்கவில்லை என்று கொழும்புச் சுங்கம் கொடுக்கும் சான்று. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் லைன் ஆபீஸில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படி மாறிய ஒரு பெட்டிக்கு நான் அன்று மாலையே இந்தக் காகிதங்களைக் கேட்டு எழுதினேன். சரக்கு இறங்கும் முன் அவை பையர் கையில் இருந்தன, சலுகை கிடைத்தது. கோளாறு எதுவும் இல்லாவிட்டாலும், கொழும்பில் இறங்கிய நாளும் ஏறிய நாளும் தெரியும் டிராக்கிங் பக்கத்தை எடுத்து ஃபைலில் வையுங்கள். ஜப்பானுக்குப் போவதென்றால் த்ரூ பி.எல். இல்லாத இடத்தில் வழி நாட்டுச் சுங்கத்தின் சான்றைக் கேட்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

பையருக்கு அனுப்பும் கட்டில் சி.ஓ., த்ரூ பி.எல்., இன்வாய்ஸ் நகல், மேலே சொன்ன துணைக் காகிதங்கள் எல்லாம் சேர்ந்தே போகட்டும். சி.ஓ. மட்டும் முன்னால், மற்றவை கேட்டால் பின்னால் என்று வைக்காதீர்கள்.

இதே வழியில் சரக்கு இறக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தோனேஷியாவில் இருந்து காய்ந்த கடல்பாசி இறக்கிச் சலுகை கேட்டால், 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள இந்தியச் சுங்கத்தின் காரோடார் விதிகள் பொறுப்பை இறக்குமதியாளர் மேலேயே வைக்கின்றன. சப்ளையர் சான்று அனுப்பினார் என்ற பதில் போதாது. சரக்கு எப்படி அந்த நாட்டுச் சரக்கு ஆனது என்ற விவரத்தை ஃபார்ம் 1-ன்படி முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் 10 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் 5 வருடம் பத்திரப்படுத்த வேண்டும். ஏற்றுமதிக் கட்டையும் அதே 5 வருடம் வைத்திருங்கள். கொள்முதல் நோட்டை மட்டும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், உப்புக் காற்றில் மை சீக்கிரம் மங்கிவிடும்.