ஸ்பெல்லிங் பீ: வீட்டில் சரி, மேடையில் தப்பு

ஸ்பெல்லிங் பீ என்பது, வாசிக்கப்படும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டு எழுத்தெழுத்தாகச் சொல்லும் பிள்ளைகளின் போட்டி. போன மாதம் அதற்கான பயிற்சி வகுப்பில் ஓர் அப்பா சொற்பட்டியலைக் கையில் வைத்து மகனுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் எழுத்தும் மணிமணியாகக் காதில் விழுந்தது. பையன் ஐம்பது சொல்லையும் சரியாகச் சொன்னான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அமெரிக்கா வந்த புதிதில் நானும் அப்படித்தான் வாசித்தேன். அதனால் 'சீக்கிரம் தூங்கு' போன்ற அறிவுரைகளை விட்டுவிட்டு, நம் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

அப்பா வாசிப்பது

நாம் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் பேசிப் பழகியவர்கள். எழுதியிருக்கும் உயிரெழுத்தை முழுசாகச் சொல்வோம். அமெரிக்கர்கள் வாயில், அழுத்தம் விழாத அசையில் ஏ, இ, ஓ எதுவானாலும் ஒரே மழுங்கிய ஒலியாகிவிடும். அதற்கு ஷ்வா என்று பெயர். நம் குற்றியலுகரம் மாதிரி, ஆனால் உகரத்தோடு நிற்காது. பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இந்தக் குழியில்தான். வீட்டில் வாசிக்கும்போது அதை நாமே மூடிவிடுகிறோம்.

வட்டாரப் போட்டியில் என் மகளுக்கு வந்த சொல், கானாங்கெளுத்தி மீனின் ஆங்கிலப் பெயர். வீட்டில் நான் 'மேக்கரெல்' என்பேன். ஒருமுறைகூட அவள் தப்பவிட்டதில்லை. மேடையில் வாசித்தவர் 'மேக்ரல்' என்றார். அவள் எம், ஏ, சி, கே, ஆர், இ, எல் என்றாள். நடுவில் ஓர் 'இ' போச்சு. மணி அடித்துவிட்டார்கள். வேறு உச்சரிப்பு உண்டா என்று கேட்டிருந்தால் மூன்று அசையாகவும் சொல்லியிருப்பார்கள். அகராதியில் இரண்டும் உண்டு. கேட்கவும் நான் பழக்கவில்லை. இன்றும் அந்த மீனை வாங்கும்போது எரிச்சல் வரும்.

அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் பீயான ஸ்கிரிப்ஸ் போட்டிக்கு மெரியம்-வெப்ஸ்டர்தான் அகராதி. அதன் தளத்தில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி, திரையைக் காட்டாமல் கேட்க வையுங்கள். முதல் வாரம் மதிப்பெண் சரியும். சரியட்டும்.

பட்டியலே போதும் என்பது

ஸ்கிரிப்ஸ் தரும் பட்டியலில் 4000 சொற்கள். மேல்சுற்றுகள் அதைத் தாண்டிப் போகும். 2023இல் தேவ் ஷா சரியாகச் சொல்லிப் பட்டம் ஜெயித்த 'சேமஃபைல்' (psammophile) என்ற சொல் ஒலிக்காத 'பி'யில் தொடங்குகிறது. மணலைக் குறிக்கும் கிரேக்க வேர் தெரியாதவர் 'எஸ்' என்றுதான் ஆரம்பிப்பார்.

பொருளை விடுவது

ஸ்கிரிப்ஸ் போட்டியில் 2021 முதல் சொல்லின் பொருளைப் பிள்ளைகளிடம் கேட்கும் சுற்றும் உண்டு.

அவசரம்

2025 இறுதிச்சுற்றில் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஃபைசான் ஜாக்கி, பொருள்கூடக் கேட்காமல் ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் தடுமாறினார். போட்டி தொடர்ந்ததால் பிறகு ஜெயித்தார். வட்டாரப் போட்டியில் அந்த அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள்.

சொன்ன எழுத்தைத் திருத்துவது

முடியாது. முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் சொன்ன எழுத்துகள் அதே வரிசையில் வரவேண்டும்.