மடங்கு கணக்கில் பூஜ்ஜியத்தை மறந்துவிடாதீர்கள்

−20க்கும் 20க்கும் இடையே 6இன் மடங்குகள் எத்தனை? மேலே படிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 6, 12, 18 என்று நிறுத்தி 3 என்பவர்கள் உண்டு, குறை எண்களையும் சேர்த்து 6 என்பவர்கள் அதைவிட அதிகம். சரியான விடை 7, ஏனென்றால் நடுவில் 0 இருக்கிறது.

மடங்கு என்றால் என்ன? ஒரு எண்ணை ஏதாவது ஒரு முழுவால் பெருக்கினால் கிடைப்பது. முழுக்கள் என்றால் 1, 2, 3 மட்டும் இல்லை, 0 உண்டு, −1, −2 எல்லாம் உண்டு. 6 × 0 = 0, ஆகவே 0 என்பது 6இன் மடங்கு; அதே காரணத்தால் 7க்கும், 95க்கும், −13க்கும் மடங்கு. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், எண்கோட்டை நினைத்துக்கொண்டால் போதும்: 7இன் மடங்குகள் −14, −7, 0, 7, 14 என்று ஏழேழு அடியாகப் போகின்றன, 0ஐ எடுத்துவிட்டால் −7க்கும் 7க்கும் நடுவில் மட்டும் 14 அடி பள்ளம் விழும். அடுத்தடுத்த 7 முழுக்களை எங்கிருந்து எடுத்தாலும் அதில் 7இன் மடங்கு சரியாக ஒன்று இருக்கும் என்ற விதியும் உடையும், −3 முதல் 3 வரை எடுத்துப் பாருங்கள், அங்கே அந்த ஒன்று 0தான்.

இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. 0 எல்லா எண்ணுக்கும் மடங்கு, ஆனால் 0இன் மடங்கு 0 மட்டும்தான். காரணிகள் கேட்டால் 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று எழுதுவோம் (மிகைக் காரணிகள் மட்டும்), அங்கே 0க்கு இடமே இல்லை.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது 'மிகை' என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா என்பதை. இருந்தால் 0ஐ விட்டுவிடலாம், இல்லையென்றால் 0ஐயும் ஒரு குறை எண்ணையும் போட்டுப் பார்க்காமல் விடை குறிக்காதீர்கள். உதாரணமாக, x ஒரு முழு, அது 2xஇன் மடங்கு என்றால் x என்ன? அப்படி ஒரு எண்ணே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். x = 0 என்று போட்டால் பொருந்துகிறது, வேறு எதுவும் பொருந்தாது. −3 முதல் 5 வரையுள்ள முழுக்களின் பெருக்கற்பலன் 11இன் மடங்கா என்று கேட்டால் பெருக்கவே வேண்டாம், நடுவில் 0 இருப்பதால் பலன் 0, ஆகவே ஆமாம்.

எல்லை பெரிதாக இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். 100க்கும் 300க்கும் இடையே 7இன் மடங்குகளில் முதலாவது 105, கடைசி 294. கழித்து 7ஆல் வகுத்தால் 27, அதோடு 1 கூட்ட 28. அந்த 1ஐக் கூட்ட மறப்பவர்கள் நிறைய, 27 என்பது இடைவெளிகளின் எண்ணிக்கைதான்.

அப்புறம் இன்னொன்று: ஒரு எண் 4க்கும் 6க்கும் மடங்கு என்றால் 24க்கும் மடங்கு என்று அவசரப்படாதீர்கள். 12ஐயும் 36ஐயும் பாருங்கள், இரண்டுமே 24இன் மடங்கு இல்லை. உறுதியாகச் சொல்ல முடிவது மீச்சிறு பொது மடங்கான 12 வரைதான்.