பாங்காக் கிளம்பும் முன் போனில் செய்யும் தவறுகள்

பாங்காக் போகிறவர்கள் "என்னென்ன ஆப் போட்டுக்கணும்" என்று கேட்கும்போது பதினைந்து பெயராவது எதிர்பார்க்கிறார்கள். நாலைந்து போதும். ஆனால் அந்த நாலைந்தையும் அங்கே இறங்கி ஏர்போர்ட் வைஃபையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், பாதி தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஓடிபி கேட்கும் வேலை எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்ட வேண்டும்.

முதலில் டாக்சி. வெளியே வந்ததும் ஊபரைத் திறந்து பார்த்து விழிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊபர் தன் தென்கிழக்கு ஆசியத் தொழிலை 2018லேயே கிராப் நிறுவனத்திடம் விற்றுவிட்டுப் போய்விட்டது. அங்கே கிராப், போல்ட் இரண்டும்தான் அதிகம் ஓடுகின்றன. இரண்டையும் ஊரிலேயே இறக்கி, உங்கள் இந்திய நம்பரை வைத்துப் பதிவு செய்து, கார்டையும் சேர்த்து வையுங்கள். கார்டு ஒத்துவராவிட்டால் ரொக்கம் என்று மாற்றிக்கொள்ளலாம், அதில் சிக்கல் இல்லை. கிராபில் காட்டும் கட்டணத்தில் எக்ஸ்பிரஸ்வே சுங்கம் சேராது, டிரைவர் "டோல்வே?" என்று கேட்டால் அந்தக் காசை நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும், ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது சிம். பணத்தை மிச்சம் பிடிக்க இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) வாங்குவது நல்ல யோசனைதான், ஆனால் வாங்கிய இ-சிம்மில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான் இருக்கும், அதற்கென்று நம்பர் கிடையாது, ஓடிபி எல்லாம் பழைய நம்பருக்கேதான் வரும். அதனால் இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைக்காதீர்கள். நம் வங்கி ஆப்களில் பல சிம்மோடு கட்டிப்போட்டவை, சிம் போனில் இல்லை என்று தெரிந்தால் மறுபடி பதிவு செய்யச் சொல்லி அடம்பிடிக்கும். சிம் உள்ளேயே இருக்கட்டும், அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். இ-சிம்முக்கு ரோமிங் பெரும்பாலும் ஆனில் இருக்க வேண்டும், இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு நெட் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. இன்னொரு சின்ன விஷயம்: ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாக அடுத்த சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் ஒரு செட்டிங் இருக்கும், ஐபோனிலும் உண்டு, சில ஆண்ட்ராய்டிலும் உண்டு. அதையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சிக்கனமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, பில் வேறு கணக்கு சொல்லும். ப்ரீபெய்டு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு ரோமிங் சேவை இயங்குகிறதா என்று கஸ்டமர் கேரில் கேட்டுவிட்டுப் போங்கள், அது இல்லையென்றால் ஓடிபி எஸ்எம்எஸ்ஸும் வராது.

புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் "நம்பரை மாற்றவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான்.

வங்கி ஆப்பைத் திறந்து, கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆனில் இருக்கிறதா என்று பார்ப்பதும் கிளம்பும் முன் செய்கிற வேலை. நம்மிடம் உள்ள கார்டுகளில் இது பெரும்பாலும் அணைத்துத்தான் இருக்கும், ரிசர்வ் வங்கி விதி அப்படி. ஏடிஎம், கடை, ஆன்லைன் என்று தனித்தனி பட்டன் இருக்கும், ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள்.

வருகைப் படிவத்தில் நடக்கும் தவறு காசு சம்பந்தப்பட்டது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகும் வெளிநாட்டவர் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். இது முழுக்க இலவசம். ஆனால் கூகுளில் தேடினால் அரசு தளம் மாதிரியே அலங்காரம் செய்துகொண்டு டாலரில் கட்டணம் கேட்கும் தளங்களும் முன்னால் வந்து நிற்கும். தாய்லாந்து குடிவரவுத் துறையின் இணைய முகவரி எப்போதும் .go.th என்றுதான் முடியும். பணம் கேட்டால் அந்த ஜன்னலை மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நிரப்பியதும் வரும் க்யூஆர் கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வரிசையில் நிற்கும்போது மெயிலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது மேப். அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஃப்லைன் மேப் இறக்கிவிட்டேன், இனி கவலையில்லை என்று ஒரு தைரியம் வரும். கூகுள் மேப்பில் ஆஃப்லைனில் கார் வழி மட்டும்தான் கிடைக்கும். நடந்து போகும் வழியோ, ரயில் பஸ் விவரமோ வராது. இறக்கி வைப்பது நல்லதுதான், அதை மட்டும் நம்பி நெட் இல்லாமல் சுற்றாதீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், மேப் சொல்வதை ஊரின் அமைப்பைப் பார்க்காமல் அப்படியே கேட்பது. வாட் போ கோயிலில் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறீர்கள், அடுத்து வாட் அருண். எதிரே சாவ் பிரயா நதிக்கு அக்கரையில் அதன் கோபுரம் கண்ணுக்கே தெரிகிறது. கிராபைத் தட்டினால் கார் வந்து பாலம் தேடிச் சுற்றிக்கொண்டு போகும், மாலை நேரம் என்றால் அந்த நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துத் தா தியென் துறைக்கு நடந்து போனால் அக்கரைக்குப் படகு இருக்கிறது, சில பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்துச் சில நிமிடத்தில் இறங்கிவிடலாம். வாட் அருணுக்கு மட்டுமில்லை, ஆற்றங்கரையில் எங்கே நின்றாலும் முதலில் படகுத் துறை எங்கே என்று பாருங்கள்.

சுகும்வித் சாலையில் வேறு கதை. ஒற்றைப்படை எண் சந்துகள் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப் பக்கம். அதோடு எண்கள் நேருக்கு நேர் வராது. 55ஆம் சந்தான தோங் லோவுக்கு எதிரே இருப்பது 38. ஹோட்டல் 38இல் இருக்கிறது, 39 பக்கத்தில்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டால் கால் வலிதான் மிச்சம். கிராபில் நீங்கள் ஏறும் இடத்தைக் காட்டும் குறியும் சாலையின் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று மேப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், எதிர்ப் பக்கம் விழுந்தால் டிரைவர் யூ-டர்ன் எடுத்து வர நேரம் ஆகும், நீங்கள் ரத்து செய்துவிடுவீர்கள், அவர் திட்டுவார். ஸ்கைட்ரெயின் (தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி நீங்கள் அந்தப் பக்கம் போய் நிற்பது இன்னும் சுலபம்.

தெருவில் போகிற டாக்சியை நிறுத்தினால் ஆங்கிலப் பெயரைச் சொல்லிப் பிரயோசனம் குறைவு. மேப்பில் இடத்தைத் திறந்தால் தாய்லாந்து எழுத்திலும் பெயர் இருக்கும், அதைக் காட்டுங்கள். சீலோம் பகுதியில் 1879இல் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு உள்ளூர்க்காரர்களிடையே வாட் கேக் என்று பெயர், மாரியம்மன் என்றால் டிரைவர் முழிப்பார்.

பணம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆரைப் பார்த்ததும் நம் ஊர் ஞாபகத்தில் போனை எடுக்கத் தோன்றும். அங்கே பரவலாக இருப்பது பிராம்ட்பே, தாய்லாந்து வங்கிக் கணக்குகளுக்காக வந்த முறை. நம் யுபிஐயை நம்பி ரொக்கமில்லாமல் போய் இறங்காதீர்கள், தெருக்கடைக்காரர் கார்டும் வாங்க மாட்டார். ஏடிஎம்மில் எடுத்தால் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிக்கிறார்கள், அதனால் சிறுகச் சிறுக எடுப்பது நஷ்டம். கடைசித் திரையில் ரூபாயில் மாற்றித் தரட்டுமா என்று, தொகையெல்லாம் அழகாக ரூபாயில் போட்டு, ஒரு கேள்வி வரும். மறுத்துவிடுங்கள். அதில் அவர்கள் வைத்துக்கொள்ளும் மாற்று விகிதம் உங்கள் வங்கியுடையதைவிட மோசமாகத்தான் இருக்கும். மறுத்தால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் என்ற பயத்தில் சம்மதிக்கிறவர்கள் உண்டு. ரத்தாகாது, பணம் வரும்.

மொழிபெயர்ப்பு ஆப்பில் தாய்லாந்து மொழியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கேமராவை மெனு மேல் பிடித்தால் ஓரளவு புரியும். சைவக்காரர்கள் "வெஜிடேரியன்" என்று மட்டும் தட்டிக் காட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவதுதான் தவறு. இறைச்சித் துண்டு இருக்காது, மீன் சாஸ் இருக்கும், முட்டையும் இருக்கலாம். "மீன் சாஸ் வேண்டாம், இறால் விழுது வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று பிரித்துப் பிரித்து எழுதி, மொழிபெயர்த்து, ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் நீட்டலாம்.

கடைசி நாள் கிராபில் "பாங்காக் ஏர்போர்ட்" என்று தட்டி, முதலில் வருவதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை வழியே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்தே இரண்டுக்கும் விமானம் உண்டு. டிக்கெட்டில் டிஎம்கே என்றிருந்தால் டான் முவாங், பிகேகே என்றிருந்தால் சுவர்ணபூமி, அதைப் பார்த்துவிட்டு காரைக் கூப்பிடுங்கள்.