வாட்டர் ஸ்கீ போட்டியைப் புரிந்துகொண்டு பார்ப்பது எப்படி? ஒரு சாக்பீஸும் கொஞ்சம் நூலும் போதும்

முதன்முதலில் வாட்டர் ஸ்கீ போட்டி ஒன்றை நேரலையில் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஒருவர் காலில் ஸ்கீ எனும் சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு, படகின் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரின்மேல் சறுக்கி வந்தார். வலம் இடமாக வளைந்து வளைந்து ஆறு மிதவைகளையும் அழகாகச் சுற்றி முடித்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே ஆள் மறுபடி வந்தார். இந்த முறை மூன்றாவது மிதவைக்குப் போகும் வழியிலேயே கயிறு கையை விட்டுப் பறக்க, தண்ணீரில் விழுந்தார். கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முடித்தவருக்கு மௌனம், விழுந்தவருக்குக் கைதட்டலா?

எனக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு விஷயம்தான். இரண்டாவது முறை வந்தபோது கயிற்றைச் சுருக்கியிருந்தார்கள். இந்த விளையாட்டில் கயிறுதான் எல்லாம். அது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். எனக்கு எப்படிப் புரிந்ததோ அதே வழியில் உங்களுக்கும் சொல்லித் தருகிறேன்.

போட்டியில் மூன்று பிரிவுகள்: ஸ்லாலம், ட்ரிக், ஜம்ப். மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றுவதுதான் ஸ்லாலம். இந்தப் பதிவில் பெரும்பகுதி அதுதான், ஏனென்றால் புதிதாகப் பார்ப்பவரை அதிகம் குழப்புவது அதுதான்.

தேவையானவை: சாக்பீஸ், இரண்டு மீட்டர் நூல், அளக்கும் டேப், நான்கைந்து நிறத்தில் ஸ்கெட்ச் பேனா, இரண்டு பாட்டில் மூடிகள். அப்புறம், அரை மணி நேரம் சும்மா இருக்கும் ஒரு தம்பியோ தங்கையோ.

படி 1: மாடியில் களத்தை வரையுங்கள்

உண்மையான ஸ்லாலம் களத்தின் நீளம் 259 மீட்டர். படகு நடுவில் நேர்கோட்டில் போகும். அந்த நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று என்று ஆறு மிதவைகள் மாறி மாறி இருக்கும். நுழைவாசலிலிருந்து முதல் மிதவைக்கு 27 மீட்டர், பிறகு ஒவ்வொரு மிதவைக்கும் இடையே 41 மீட்டர்.

எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்காக்குவோம். முழுக் களமும் வரைய 26 மீட்டர் வேண்டும், அவ்வளவு பெரிய மாடி யாரிடம் இருக்கிறது? இரண்டு மிதவை போதும். நேராக ஒரு கோடு போடுங்கள், ஏழு மீட்டர் இருந்தால் நல்லது. இதுதான் படகு போகும் வழி. கோட்டிலிருந்து வலப்பக்கம் 115 செ.மீ. தள்ளி ஒரு மூடியை வையுங்கள். அங்கிருந்து 4.1 மீட்டர் முன்னால் போய், இடப்பக்கம் 115 செ.மீ. தள்ளி இன்னொரு மூடி. களம் தயார்.

படி 2: நூலில் நிறம் தீட்டுங்கள்

போட்டியில் பயன்படுத்தும் கயிற்றில் பல வளையங்கள் இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்தையும் முடித்த பிறகு, படகில் இருப்பவர் அடுத்த வளையத்தைக் கம்பத்தில் மாட்டிக் கயிற்றைச் சுருக்குவார். எந்த நீளம் என்று தெரிய ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம், கிட்டத்தட்ட வானவில் வரிசையில்: 18.25 மீட்டர் சிவப்பு, 16 ஆரஞ்சு, 14.25 மஞ்சள், 13 பச்சை, 12 நீலம், 11.25 ஊதா. அதற்குப் பிறகு 10.75, 10.25, 9.75, 9.5.

உங்கள் நூலில் ஒரு முனையில் சின்ன முடிச்சுப் போடுங்கள். அதுதான் ஸ்கீயர் பிடிக்கும் கைப்பிடி. அந்த முடிச்சிலிருந்து அளந்து 182.5 செ.மீ.யில் சிவப்புப் புள்ளி, 120-இல் நீலம், 112.5-இல் ஊதா, 97.5-இல் கறுப்பு. நான்கு புள்ளி போதும்.

படி 3: நடந்து பாருங்கள்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள், மொத்த விளையாட்டும் இதற்குள்தான் இருக்கிறது.

தம்பி படகு, நீங்கள் ஸ்கீயர். அவர் சிவப்புப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நடுக்கோட்டின்மேல் மெதுவாக நடக்கட்டும். நீங்கள் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் தொய்யாமல், வலப்பக்கம் ஒதுங்கி முதல் மூடிக்கு மேலே முடிச்சைக் கொண்டுவாருங்கள். இப்போது இருவரும் அப்படியே நில்லுங்கள். தம்பி உங்களைவிட எவ்வளவு முன்னால் இருக்கிறார்? அளந்தால் 142 செ.மீ. வரும். அதாவது நிஜக் களத்தில் படகு 14 மீட்டர் முன்னால் போயிருக்கும். நிறைய இடம், நிதானமாகத் திரும்பலாம்.

அடுத்து நீலம். தம்பி 120 செ.மீ. புள்ளியைப் பிடித்து நடக்கிறார். முடிச்சு மூடிக்கு மேலே வரும்போது அவர் வெறும் 34 செ.மீ. முன்னால்தான் இருப்பார். ஸ்கீயர் கிட்டத்தட்டப் படகுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார் என்று அர்த்தம். நூல் நடுக்கோட்டுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, ஊதா. 112.5 செ.மீ. என்ன செய்தாலும் முடிச்சு மூடியைத் தொடாது, இரண்டரை செ.மீ. குறையும். இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. கயிறு மிதவையைவிடக் குட்டை! 11.5 மீட்டர் தள்ளி இருக்கும் மிதவையை 11.25 மீட்டர் கயிற்றில் சுற்ற வேண்டும். மீதியை உடம்புதான் எட்டிப் பிடிக்க வேண்டும்.

கடைசியாகக் கறுப்பு, 97.5 செ.மீ. இங்கே குறைவது 17.5 செ.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. பத்தால் பெருக்கினால் 1.75 மீட்டர், ஓர் ஆளின் முழு உயரம். ஸ்கீயர் ஒரு கையை மட்டும் கைப்பிடியில் வைத்து, உடம்பு மொத்தத்தையும் தண்ணீருக்கு இணையாகச் சாய்த்துப் படுக்கப் போட்டால்தான் காலடியில் உள்ள ஸ்கீ மிதவைக்கு வெளியே போகும். அப்படிப் படுத்தவர் அடுத்த நொடியே எழுந்து எதிர்ப்பக்கம் பாய வேண்டும்.

அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஆண்களுக்குப் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கி.மீ., பெண்களுக்கு 55. 58 கி.மீ. வேகத்தில் முழுக் களத்தையும் படகு 16 விநாடியில் கடந்துவிடும். ஒரு மிதவையிலிருந்து அடுத்த மிதவைக்கு இரண்டரை விநாடி. அதற்குள் குறுக்கே 23 மீட்டர் கடந்து, வேகத்தைக் குறைத்து, மறுபடி திரும்ப வேண்டும். படகு நேர்கோட்டில் போகிறது, இவர் வளைந்து வளைந்து போகிறார், ஆனால் இருவருக்கும் அதே 16 விநாடிதான். அதனால் குறுக்கே பாயும்போது இவருடைய வேகம் படகைவிட மிக அதிகம்.

இந்த விளையாட்டு தொடங்கியபோது கயிறு இப்படிக் குட்டையாக இல்லை. 1922-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவெல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன் முதன்முதலாகத் தண்ணீரில் ஸ்கீ ஓட்டினார். பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிப் பார்த்தார், எதுவும் நடக்கவில்லை. கடைசியில் பைன் பலகை வாங்கி, நுனியை வெந்நீரில் வேகவைத்து வளைத்து, தானே ஒரு ஜோடி செய்துகொண்டார். பின்னால் சாய்ந்து பலகையின் நுனியைத் தண்ணீருக்கு மேலே வைத்தால் எழுந்து நிற்கலாம் என்பது அவர் கண்டுபிடித்ததுதான். அவர் பிடித்திருந்தது சுமார் 100 அடிக் கயிறு. இன்று முன்னணி வீரர்கள் போராடுவது 32 அடியில். நூறு வருடத்தில் இந்த விளையாட்டு எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

படி 4: ஸ்கோரைப் படியுங்கள்

இப்போது ஸ்கோர் சுலபம். "2.5, 9.75 மீட்டர்" என்று போட்டிருந்தால், அதற்கு முந்தைய 10.25 மீட்டர் கயிற்றில் ஆறு மிதவைகளையும் முடித்துவிட்டு, 9.75-இல் இரண்டரை மிதவை எடுத்தார் என்று அர்த்தம். எனவே 10.25-இல் 4 எடுத்தவரைவிட 9.75-இல் 1 எடுத்தவர் மேல். முதலில் கயிறு, பிறகுதான் எண்ணிக்கை.

அரை மிதவை எப்படி? மிதவையின் வெளிப்பக்கமாகச் சுற்றிவிட்டார், ஆனால் முழுமையாக உள்ளே திரும்பி வரும் முன்பே கயிறு போய்விட்டது. எவ்வளவு தூரம் திரும்பினார் என்று பார்த்து நடுவர்கள் கால் அல்லது அரை கொடுப்பார்கள். ஒரு மிதவையைத் தவறவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. நுழைவாசலைத் தவறவிட்டாலோ அந்த ஓட்டத்துக்குப் பூஜ்யம்தான்.

அமெரிக்க வர்ணனையாளர்கள் "43 ஆஃப்" என்பார்கள். பயப்பட வேண்டாம். முழுக் கயிறு 75 அடி, அதிலிருந்து 43 அடி கழித்தாயிற்று என்பதே அது. மீதி 32 அடி, நம் 9.75 மீட்டர். "41 ஆஃப்" என்றால் 10.25 மீட்டர்.

நான் மேலே சொன்ன 2.5, 9.75 மீட்டர் சும்மா எடுத்த உதாரணம் இல்லை. அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த நேட் ஸ்மித் 2013-இல் லூசியானாவின் கோவிங்டனில் படைத்த உலக சாதனை அது. மாடியில் கறுப்புப் புள்ளியைப் பிடித்துப் பார்த்த பிறகு அந்த எண்ணைப் படியுங்கள். மூடிக்கும் முடிச்சுக்கும் நடுவே இருந்த அந்தச் சாண் இடைவெளியை அவர் இரண்டு முறை கடந்திருக்கிறார், மூன்றாவது முறை பாதி.

அப்போதுதான் இன்னொன்றும் விளங்கும். ஸ்லாலமில் அநேகமாக எல்லோருடைய ஆட்டமும் விழுவதில்தான் முடிகிறது. முடித்தால் கயிறு சுருங்கும், மறுபடி வர வேண்டும். எந்த நீளத்தில், எத்தனையாவது மிதவையில் விழுந்தார் என்பதே ஸ்கோர். அன்று நான் பார்த்த கைதட்டல் அதற்குத்தான்.

படி 5: திரையில் எதைப் பார்ப்பது

தெறிக்கும் தண்ணீரைப் பார்க்காதீர்கள். ஆயிரம் பேர் அதைத்தான் பார்க்கிறார்கள், கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் ஒன்றும் சொல்லாது. முதல் மிதவையைப் பாருங்கள். ஸ்கீயர் அதற்கு முன்பே அகலமாக வந்து, நேரம் இருக்கும்போதே திரும்புகிறாரா? அப்படியென்றால் இந்த ஓட்டம் பிழைக்கும். மிதவையைத் தாண்டிய பிறகு திரும்புகிறார் என்றால் இரண்டரை விநாடியில் கொஞ்சம் போய்விட்டது. அடுத்த மிதவையில் இன்னும் கொஞ்சம் போகும். நான்காவதில் விழுவார். கடன் மாதிரிதான், வட்டி ஏறிக்கொண்டே போகும்.

அடுத்து கை. மிதவையைச் சுற்றும்போது ஒரு கையை விட்டு மற்றக் கையை நீட்டுவார்கள். இரண்டு கையும் கைப்பிடிக்குத் திரும்பும் நொடியில் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்திருந்தால், அது திரும்ப இழுபடும்போது வரும் வெட்டு ஆளையே தூக்கிப் போட்டுவிடும்.

இதை அழகாகப் பார்க்க வேண்டுமென்றால் ரெஜினா ஜாக்வெஸ் ஓடுவதைப் பாருங்கள். அமெரிக்கர், பெண்கள் ஸ்லாலமில் பல ஆண்டுகளாக உச்சத்தில் இருப்பவர், மருந்தாளுநராகவும் வேலை செய்தவர். பதற்றம் துளியும் தெரியாது. பழைய காணொளிகள் கிடைத்தால் பிரிட்டனின் ஆண்டி மேப்பிளைத் தேடுங்கள். ஆறு முறை உலக ஸ்லாலம் சாம்பியன், 2015-இல் காலமானார். அவர் மிதவையை நெருங்கும்போது நேரம் ஒரு கணம் நிற்பது போலிருக்கும். எனக்கு இன்றைக்கும் அவர்தான் முதல்.

படி 6: மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள்

ட்ரிக்கில் மிதவை எதுவும் கிடையாது. இருபது விநாடி வீதம் இரண்டு ஓட்டம். குட்டையான, அடியில் துடுப்பு இல்லாத ஸ்கீயின்மேல் சுழல வேண்டும், குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு வித்தைக்கும் தனிப் புள்ளி, ஒரே வித்தையை இரண்டு முறை செய்தால் ஒரு முறைதான் கணக்கு. கயிற்றின் கைப்பிடியில் பாதத்தை மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் சுழல்வதும் உண்டு. அப்போது படகில் இருப்பவரைக் கவனியுங்கள். ஸ்கீயர் விழுந்த மறுகணமே கயிற்றை விடுவிப்பது அவர் பொறுப்பு. ஒரு நொடி தாமதித்தாலும் காலில் மாட்டிய கயிற்றோடு ஆளைப் படகு இழுத்துக்கொண்டு போய்விடும். பார்வையாளர் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, ஆனால் ஸ்கீயர் தன் காலை அவரை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்.

ஜம்ப் நேரடியானது, தூரம்தான் ஸ்கோர். படகு 57 கி.மீ. வேகத்தில் போகும், ஆண்களுக்கு 1.8 மீட்டர் வரை உயரமான சரிவுமேடை. ஸ்கீயர் படகின் பின்னால் குறுக்கே வெட்டிப் பாய்ந்து, படகைவிடப் பெரிய வேகத்தில் மேடைமேல் ஏறிப் பறப்பார். கனடாவின் ரயன் டாட் 2017-இல் 77.4 மீட்டர் தாண்டினார். ஆஸ்திரேலியாவின் ஜசிந்தா கேரல் 60 மீட்டரைக் கடந்தவர், 2013 தொடங்கி 2021 வரை தொடர்ச்சியாக ஐந்து உலகப் பட்டங்கள். அதில் நான்காவதை 2019-இல் மலேசியாவின் புத்ராஜெயா ஏரியில் வென்றார்.

மூன்றிலும் சேர்த்துச் சிறந்தவருக்கு ஒட்டுமொத்தப் பட்டம் உண்டு. 1969-இல் கோபன்ஹேகனில் அமெரிக்காவின் லிஸ் ஆலன் ஸ்லாலம், ட்ரிக், ஜம்ப், ஒட்டுமொத்தம் என்று நான்கையும் ஒரே உலகப் போட்டியில் வென்றார்.

படி 7: எதிலிருந்து தொடங்குவது

மார்ச் மாதம் மெல்பர்னில் யாரா ஆற்றில் நடக்கும் மூம்பா மாஸ்டர்ஸ் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். நகரத்தின் நடுவே ஆறு, கரை முழுக்கக் கூட்டம், விளக்கு வெளிச்சத்தில் இரவு ஜம்ப். மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கேலவே தோட்டத்தில், ராபின் ஏரியில் நடப்பது மாஸ்டர்ஸ். 1959 முதல் நடந்துவரும் இதை ஒரு முறையாவது வெல்ல வேண்டும் என்பது ஸ்கீயர்களின் கனவு. உலக சாம்பியன் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஒலிம்பிக்கைத் தேடாதீர்கள், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக வந்ததோடு சரி. இது எனக்கு ஆறாத வருத்தம்.

நேரலை தொடங்கும்போது நூலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வர்ணனையாளர் கயிற்றின் நீளத்தைச் சொன்னதும் அந்தப் புள்ளியைப் பிடித்து, 115 செ.மீ.க்கு எவ்வளவு குறைகிறது என்று ஒரு தடவை பாருங்கள். பிறகு திரையைப் பாருங்கள். பதினாறு விநாடிதான்.