மீன் வருகைப்பதிவும் நீச்சல் தெரிந்த முட்டையும்: புது ஆசிரியர்களுக்கு ஒரு குறும்புச் செய்முறை

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி என்று நம் கடற்கரைத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூர் டீச்சர் என்றால் பிள்ளைகள் முதல் வாரம் வாயே திறக்காது. "சொல்லு, சொல்லு" என்று கேட்கக் கேட்கத் தலை இன்னும் கீழே போகும். அந்த இறுக்கம் விட, நான் பார்த்தவரை, ஒரு நல்ல குறும்பை மிஞ்சிய வழி இல்லை.

இதில் கணக்கு ஒன்றுதான். ஏமாற்றத் தொடங்குவது ஆசிரியர், கண்டுபிடித்து ஜெயிப்பது பிள்ளைகள். சிரிப்பு முழுக்க உங்கள் தலையில்தான் விழ வேண்டும். ஒரு பிள்ளையைக் காட்டி மற்றப் பிள்ளைகள் சிரித்தால் அது கேலி. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆவது பிரிவில் அடிப்பதோடு சேர்த்து மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. அதை நினைவில் வையுங்கள்.

படி 1: எதைத் தொடக்கூடாது

கடல் செய்தியைத் தொடாதீர்கள். "போட்டு இன்னும் கரைக்கு வரலையாம்", "புயல் வருதாம்" என்பதெல்லாம் விளையாட்டுக்குக்கூட வாயில் வரக் கூடாது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகில் எந்தப் பிள்ளையின் சித்தப்பா இருந்தார் என்பது நமக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பற்றியும் பொய் வேண்டாம். நிஜமாகவே கூண்டு ஏறும் நாளில் நம் பேச்சைப் பிள்ளைகள் நம்பியாக வேண்டும்.

அடுத்து, தின்பண்டமும் காசும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போது பல வீடுகளில் கை இறுக்கமாகத்தான் இருக்கும். வெறும் மிட்டாய்த் தாளை மடித்துக் கொடுத்து ஏமாற்றும் பழைய விளையாட்டு எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. அந்த நாட்களில் அது கொடுமை.

படி 2: கூட்டாளி பிடியுங்கள்

வகுப்பில் பேசாத பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். முதல் நாளே அந்தப் பிள்ளையிடம் மட்டும் ரகசியத்தைச் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு டீச்சர் தப்பாச் சொல்லுவேன், நீ கடைசி வரைக்கும் சிரிக்கக் கூடாது, சரியா பாப்பா?" அவ்வளவுதான். மறுநாள் அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். குறும்பில் பாதிப் பலன் அங்கேயே கிடைத்துவிடும்.

படி 3: மீன் வருகைப்பதிவு

காலையில், எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு செய்யுங்கள். உண்மையான வருகைப்பதிவை எடுத்து முடித்துவிடுங்கள், அதில் விளையாட்டு கூடாது. பிறகு இன்னொரு நோட்டைத் திறந்து, முகத்தில் சிரிப்பில்லாமல், "இன்னும் சில பேர் பாக்கி" என்று ஆரம்பியுங்கள்.

"நெத்திலி!"

சத்தம் இருக்காது. "நெத்திலி வரலையா? சரி. சூடை? காரல்? முரல்?" மூன்றாவது பேரிலோ நாலாவது பேரிலோ பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், அது மீனு!"

இங்கேதான் அவசரப்படக் கூடாது. உடனே சிரித்துவிட்டால் ஆட்டம் முடிந்துபோகும். நோட்டை உற்றுப் பாருங்கள். "மீனா? நெத்திலி பனைமரத்துல காய்க்கிறதுதானே?" என்று நிஜமான சந்தேகத்தோடு கேளுங்கள். வகுப்பே எழுந்து நிற்கும். "திருக்கைக்கு நாலு காலுதானே?" என்று அடுத்ததைப் போடுங்கள். வாலில் முள் இருப்பதையும், ஓரா மீனின் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பதையும், வலையிலிருந்து நண்டை எங்கே பிடித்து எடுக்க வேண்டும் என்பதையும் கையைக் காட்டிக் காட்டிச் சொல்வார்கள். நேற்றுவரை வாய் திறக்காத பிள்ளைகள்தான் இவர்கள்.

அவர்கள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதுங்கள். முரலுக்கு எந்த 'ர', பாறை மீனுக்கு எந்த 'ற' என்று கேட்டு எழுதினால் அன்றைய தமிழ்ப் பாடமும் முடிந்துவிடும். வெளியூர்க்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு, பாதி மீன்களின் பெயர் நிஜமாகவே தெரியாது என்பதால் நடிக்கவே வேண்டியதில்லை.

படி 4: நீச்சல் தெரிந்த முட்டை

இது மூன்றாம் வகுப்புக்கு மேலே நன்றாக எடுபடும். வேண்டியவை: ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாத்திரம், இரண்டு புது முட்டை, கல்லுப்பு. முட்டையைக் கடையில் வாங்குங்கள், பிள்ளைகளின் சத்துணவு முட்டையைத் தொட வேண்டாம். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதந்து காரியத்தைக் கெடுக்கும்.

பிள்ளைகள் வரும் முன் ஒரு பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, சுமார் 75 கிராம் உப்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். முட்டையைப் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் இன்னும் கொஞ்சம் உப்பு. மற்றதில் வெறும் தண்ணீர்.

வகுப்பில் சொல்ல வேண்டியது: "இது பாம்பன் முட்டை, இதுக்கு நீச்சல் தெரியும். இது பரமக்குடி முட்டை, பாவம், தெரியாது." ஒன்று மிதக்கும், ஒன்று அடியில் போய் உட்காரும். சிறிது நேரத்தில் யாராவது "முட்டையை மாத்திப் போடுங்க டீச்சர்" என்பார்கள். மாற்றியதும் பரமக்குடி முட்டையும் நீந்தும். "தண்ணிலதான் என்னமோ இருக்கு!" என்று கத்துவார்கள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், பச்சை முட்டை பட்ட தண்ணீர்.

"கடல் தண்ணி!" என்று ஒரு பிள்ளை நிச்சயம் சொல்லும். அதற்குத்தான் இரண்டாவது வேட்டு. முன்பே ஒரு பாட்டிலில் கடல்நீர் பிடித்து வைத்திருங்கள். அதில் முட்டையைப் போட்டால் மூழ்கிவிடும்! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான், புது முட்டையைத் தூக்க அது போதாது. "அப்ப இதுல உப்பு எவ்வளவு கூட?" என்று அவர்களே கேட்கும்வரை விடை சொல்லாதீர்கள்.

கடற்கரையில் கிடைக்கும் பவளத் துண்டு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை இவற்றை வைத்து மட்டும் எந்த வேடிக்கையும் வேண்டாம். மூன்றும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வைத்திருப்பதே குற்றம்.

படி 5: பழிவாங்க விடுங்கள்

பிள்ளைகளின் முகத்தைப் படம்பிடித்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அந்தச் சிரிப்பு வகுப்புக்குள் இருக்கட்டும். அதற்குப் பதில், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அவர்களுக்குக் கொடுங்கள். டஸ்டரை ஒளிப்பார்கள், செருப்பை மாற்றி வைப்பார்கள், "டீச்சர், உங்க முதுகுல பல்லி" என்பார்கள். நன்றாகத் துள்ளிக் குதியுங்கள். டஸ்டர் எங்கே என்று தெரிந்தாலும் மூன்று தப்பான இடத்தில் தேடிய பிறகே கண்டுபிடியுங்கள். சாக்பீஸ் டப்பாவும் சேர்ந்து காணாமல் போகும், பையில் இரண்டு துண்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.